எக்ஸ்பைரி வாரத்தில் பங்கு ஒட்டிக்கொள்வதும் ஓடுவதும்: டீலர் காமாவைக் கையால் கணக்கிடும் வழி

ரிசல்ட் நன்றாக வந்திருக்கும். டிவியில் ஆளாளுக்குப் பாராட்டிக்கொண்டிருப்பார்கள். பங்கு மட்டும் 1000 ரூபாயை விட்டு நகராது. 1006 போகும், திரும்பும். 995 வரும், மறுபடி திரும்பும். அடுத்த மாதம், எந்தச் செய்தியும் இல்லாத ஒரு மதியத்தில், அதே பங்கு ஒரு மணி நேரத்தில் நாற்பது ரூபாய் ஓடும். இரண்டுக்குமே "ஆபரேட்டர் வேலை" என்று சொல்லிவிட்டுப் போவதுதான் நம் பக்கத்து வழக்கம். பல நேரம் அதில் யாருடைய சதியும் கிடையாது. ஆப்ஷனைக் கையில் வைத்திருக்கும் பெரிய டெஸ்க்குகள் தங்கள் ரிஸ்க்கைச் சமன் செய்ய வேறு வழியில்லாமல் வாங்குகிறார்கள், விற்கிறார்கள். அவர்கள் எந்த விலையில், எவ்வளவு வாங்க அல்லது விற்க வேண்டிவரும் என்பதை ஓரளவு முன்கூட்டியே கணக்குப் போடலாம். அதற்கான வழியைத்தான் எழுதுகிறேன்.

நான் செகண்ட் லைன் பீச்சில் ஒரு புரோக்கர் ஆபீசில் செட்டில்மென்ட் கணக்கு பார்த்தவள். 1937-ல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் அதே தெருவில்தான் இருந்தது. 2015-ல் அது எக்ஸ்சேஞ்சாக இருப்பதை நிறுத்திக்கொண்டது. இப்போது பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டிலிருந்தே என் பணத்தை மட்டும் பார்த்துக்கொள்கிறேன். மாலையில் நாலு பேர் வந்து கேட்பார்கள். அதில் என் அக்கா மகன் ஒருவன். ராயபுரத்தில் கண்டெய்னர் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறான். எவ்வளவு விளக்கினாலும் கடைசியில் ஒரே கேள்விதான்: "சித்தி, அதெல்லாம் சரி, ஏறுமா இறங்குமா, இன்னான்னு சொல்லு." காமா கணக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. ஏறினாலும் இறங்கினாலும் எவ்வளவு தூரம் போகும், போனது திரும்புமா, திரும்பாமல் ஓடுமா என்பதைத்தான் சொல்லும். இதை முதலிலேயே ஏற்றுக்கொள்பவர்களுக்கு மட்டும் மீதி உதவும்.

கால், புட், ஸ்ட்ரைக், பிரீமியம் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தெரியாவிட்டால் அதைக் கற்றுக்கொண்டு வாருங்கள், இது எங்கும் ஓடிவிடாது.

டெல்டா, அப்புறம் காமா

பங்கு ஒரு ரூபாய் நகர்ந்தால் ஆப்ஷன் எத்தனை பைசா நகரும் என்பது டெல்டா. விலைக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஸ்ட்ரைக்கின் கால் ஆப்ஷனுக்கு அது ஏறக்குறைய 0.5. பங்கு மேலே போகப் போக 1-ஐ நோக்கிப் போகும். கீழே வந்தால் பூஜ்யத்தை நோக்கிப் போகும். பங்கு ஒரு ரூபாய் நகரும்போது அந்த டெல்டா எவ்வளவு மாறுகிறது என்பதுதான் காமா.

டீலர் என்று நான் சொல்வது பங்கு ஏறும், இறங்கும் என்று பந்தயம் கட்டாமல், ஆப்ஷனை வாங்கி விற்பதில் கிடைக்கும் வித்தியாசத்தில் பிழைப்பவரை. நம் நாட்டில் அது பெரும்பாலும் சொந்தப் பணத்தில் வியாபாரம் செய்யும் ப்ரோப் டெஸ்க்குகளும், கம்ப்யூட்டர் வைத்து வியாபாரம் செய்யும் வெளிநாட்டு நிதி நிறுவனங்களும். இவர்களுக்குத் திசை வேண்டாம். கையில் இருக்கும் ஆப்ஷனின் டெல்டா எவ்வளவோ, அதற்கு எதிராக பங்கையோ ப்யூச்சரையோ (பிறகு ஒரு தேதியில் வாங்க, விற்க இப்போதே விலை பேசிக்கொள்ளும் ஒப்பந்தம்) வைத்துச் சமன் செய்துவிடுவார்கள். டெல்டா அசையாமல் நின்றால் ஒருமுறை செய்தால் போதும். அது அசைந்துகொண்டே இருப்பதால் இவர்களும் நாள் முழுக்க வாங்கி விற்றுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த அசைவின் அளவுதான் காமா என்பதால், காமா பெரிதாக இருக்கும் இடத்தில் இவர்களுடைய வியாபாரமும் பெரிதாக இருக்கும்.

இது ஏன் விலையைத் தள்ளுகிறது என்பதைக் காசிமேட்டில் வைத்துச் சொன்னால் எங்கள் பக்கத்தில் உடனே புரிகிறது. ஒரு வியாபாரி ஒரு ஹோட்டலிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, "ஞாயிற்றுக்கிழமை நூறு கிலோ வஞ்சிரம், கிலோ 900 ரூபாய்க்குத் தருகிறேன், வேண்டுமென்றால் எடுங்கள், வேண்டாமென்றால் விடுங்கள்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். கையில் மீன் இல்லை. ஏலத்தில் விலை 900-ஐ நெருங்கும்போது ஹோட்டல்காரர் கேட்டாலும் கேட்பார் என்று ஐம்பது கிலோ எடுத்து வைக்கிறார். 940 ஆகும்போது கட்டாயம் கேட்பார் என்று தெரிந்து இன்னும் முப்பது எடுக்கிறார். அவர் எடுப்பதே ஏலத்தை இன்னும் ஏற்றுகிறது. விலை 850-க்கு இறங்கினால் ஹோட்டல்காரர் வெளியிலேயே வாங்கிக்கொள்வார். எடுத்து வைத்ததை ஐஸ் கரைவதற்குள் தள்ளிவிட வேண்டும். அவர் தள்ளுவது விலையை இன்னும் இறக்குகிறது. இவர் கால் ஆப்ஷன் விற்றவர். ஏறும்போது வாங்கி, இறங்கும்போது விற்க வேண்டியவர். இதற்குப் பெயர் ஷார்ட் காமா.

அந்த உரிமையை வாங்கி வைத்திருப்பவர் டீலராக இருந்தால் எல்லாம் தலைகீழ். ஏறும்போது விற்பார், இறங்கும்போது வாங்குவார். ஒவ்வொரு சுற்றிலும் அவருக்குக் கொஞ்சம் லாபம். அதற்கு விலையாக நாள்தோறும் பிரீமியம் கரைவதைச் சுமப்பார். இது லாங் காமா. இப்படிப்பட்டவர்கள் நிறைய இருந்தால் பங்கு எந்தப் பக்கம் போனாலும் எதிர்ப்பக்கம் ஒரு கை இருக்கும். அதனால்தான் 1006 போய்த் திரும்புகிறது, 995 வந்து திரும்புகிறது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். காலுக்கும் புட்டுக்கும் காமாவில் வித்தியாசம் இல்லை. ஒரே ஸ்ட்ரைக், ஒரே எக்ஸ்பைரி (ஆப்ஷன் முடியும் நாள்) என்றால் இரண்டின் காமாவும் ஒன்றுதான். டீலர் புட் வாங்கியிருந்தாலும் லாங் காமா, கால் வாங்கியிருந்தாலும் லாங் காமா. விற்றிருந்தால் இரண்டுமே ஷார்ட். ஓ.ஐ. என்பது ஓப்பன் இன்ட்ரஸ்ட், அதாவது இன்னும் மூடப்படாமல் நிற்கும் ஒப்பந்தங்களின் எண்ணிக்கை. "காலில் ஓ.ஐ. அதிகம், அதனால் பாசிட்டிவ் காமா" என்று வரும் படங்கள் எல்லாம் ஒரு ஊகத்தின் மேல் நிற்பவை. அந்த ஊகத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கணக்கு

ஃபோனில் இருக்கும் கால்குலேட்டர் போதும். வேண்டியது பங்கு விலை, ஐ.வி. (பங்கு வருடத்துக்கு எத்தனை சதவீதம் அலையும் என்று பிரீமியத்தில் அடங்கியிருக்கும் எதிர்பார்ப்பு), எக்ஸ்பைரிக்கு எத்தனை நாள், ஒவ்வொரு ஸ்ட்ரைக்கிலும் ஓப்பன் இன்ட்ரஸ்ட். எல்லாமே என்எஸ்இ (தேசியப் பங்குச் சந்தை) வெளியிடும் ஆப்ஷன் செயின் பட்டியலில் இலவசமாகக் கிடைக்கும். ஓ.ஐ. சில இடங்களில் லாட் (ஒரு ஒப்பந்தத்தில் அடங்கும் பங்குகளின் தொகுப்பு) கணக்கிலும், சில இடங்களில் பங்கு எண்ணிக்கையிலும் காட்டுவார்கள். எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்; லாட் என்றால் லாட் அளவால் பெருக்க வேண்டும். லாட் அளவும் அவ்வப்போது மாறும் என்பதால் நான் கற்பனைப் பங்கு ஒன்றை வைத்துச் செய்து காட்டுகிறேன். நீங்கள் உங்கள் பங்கைப் போட்டுப் பாருங்கள். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு எண்ணூர் லேலண்டில் யாராவது வேலை பார்த்திருப்பார்கள், அதனால் அசோக் லேலண்டில்தான் ஆரம்பிப்பார்கள். அதுவும் ஆப்ஷன் உள்ள பங்குதான், தாராளமாக ஆரம்பிக்கலாம்.

பங்கு 1000 ரூபாய். ஐ.வி. 25 சதவீதம். எக்ஸ்பைரிக்கு 16 நாள். 16-ஐ 365-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.209. அதை 0.25-ஆல் பெருக்கி, வருவதை 1000-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 52 ரூபாய். எக்ஸ்பைரிக்குள் இந்தப் பங்கு சாதாரணமாக அலையும் தூரம் என்று இதை வைத்துக்கொள்ளுங்கள். 0.4-ஐ அந்த 52-ஆல் வகுத்தால் 0.0077. இதுதான் 1000 ஸ்ட்ரைக்கின் காமா. 1973-ல் பிளாக்கும் ஷோல்ஸும் கொடுத்த சூத்திரத்தை, விலைக்குப் பக்கத்து ஸ்ட்ரைக்குக்காகச் சுருக்கியதுதான் இது. கையால் போடுவதற்கு இந்தத் துல்லியம் தாராளம்.

மற்ற ஸ்ட்ரைக்குகளுக்கு அந்த 52 ரூபாயையே அளவுகோலாக வையுங்கள். அதில் பாதி தூரம் தள்ளியிருக்கும் ஸ்ட்ரைக்குக்கு முதல் காமாவில் 0.88 பங்கு. முழுதூரம் தள்ளியிருந்தால் 0.6. ஒன்றரை மடங்கு என்றால் 0.32. இரண்டு மடங்கு என்றால் 0.14. அதற்கு மேல் தள்ளியிருப்பதைப் பார்க்க வேண்டாம். 1200 கால் ஆப்ஷனில் மலைபோல ஓ.ஐ. இருக்கிறது என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பினால், இந்தப் பங்கில் அதற்கு இன்றைக்கு எந்த வேகமும் இல்லை என்று இரண்டு நொடியில் சொல்லிவிடலாம்.

இப்போது ஓ.ஐ. 1000 ஸ்ட்ரைக்கில் காலும் புட்டும் சேர்த்து 4,000 லாட், லாட் 500 பங்கு என்று வைப்போம். மொத்தம் 20 லட்சம் பங்குகள். 0.0077-ஐ 20 லட்சத்தால் பெருக்கினால் ஒரு ரூபாய் நகர்வுக்குச் சுமார் 15,000 பங்கு. பங்கு ஒரு சதவீதம், அதாவது பத்து ரூபாய் நகர்ந்தால் ஒன்றரை லட்சம் பங்கை யாரோ வாங்கவோ விற்கவோ வேண்டும்.

ஒன்றரை லட்சம் பெரிதா சிறிதா? தனியாகப் பார்த்தால் தெரியாது. அந்தப் பங்கில் ஒரு நாளைக்கு எவ்வளவு கைமாறுகிறது என்பதோடு ஒப்பிட வேண்டும். கேஷ் மார்க்கெட் (பங்கையே நேராக வாங்கி விற்கும் சந்தை) அளவோடு ப்யூச்சர் அளவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் இங்கே கேஷில் ஷார்ட் அடித்தால், அதாவது கையில் இல்லாத பங்கை விற்றால், அன்றே மூட வேண்டும். அதனால் டீலர்கள் பெரும்பாலும் ப்யூச்சரில்தான் சமன் செய்கிறார்கள், அங்கிருந்து, இரண்டு சந்தை விலை வித்தியாசத்தில் லாபம் பார்க்கும் ஆர்பிட்ரேஜ் செய்பவர்கள் மூலம் அது கேஷ் விலைக்கு வருகிறது. இரண்டும் சேர்த்து நாளுக்கு 40 லட்சம் பங்கு என்றால், ஒன்றரை லட்சம் என்பது 4 சதவீதம்கூட இல்லை. யாரும் கவனிக்க மாட்டார்கள்.

அதே ஓ.ஐ. கலையாமல் எக்ஸ்பைரிக்கு முந்தைய நாள் வரை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள்தான் பாக்கி. அலையும் தூரம் 52-லிருந்து 13 ரூபாயாகச் சுருங்கிவிட்டது. காமா நான்கு மடங்காகி 0.03. பத்து ரூபாய் ஏறினால் கால் டெல்டா 0.5-லிருந்து 0.78-க்குப் போகிறது. 20 லட்சத்தில் அது ஐந்தரை லட்சம் பங்கு. 40 லட்சத்தில் 14 சதவீதம். ஒரே ஸ்ட்ரைக்கில் இது. 980-ஐயும் 1020-ஐயும் சேர்த்தால் இன்னும் கூடும். எக்ஸ்பைரி வாரத்தில் மட்டும் பங்கு குணம் மாறுவதற்கு இந்தச் சுருக்கம்தான் காரணம்.

இந்தச் சதவீதம் 3-க்குக் கீழே இருந்தால் நான் காமாவை மறந்துவிடுவேன். 10-ஐத் தாண்டினால் அந்தப் பங்கில் வேறு எதைப் பார்ப்பதற்கு முன்னாலும் இதைப் பார்ப்பேன். இது என் அளவுகோல், எந்தப் புத்தகத்திலும் கிடையாது. எக்ஸ்பைரி அன்று மதியத்துக்கு மேல் இந்தச் சூத்திரத்தை நம்ப வேண்டாம். நாள் பூஜ்யத்தை நெருங்கும்போது எண் அர்த்தமில்லாமல் பெரிதாகும். தவிர, என்எஸ்இயில் நீண்ட காலமாக முடிவு விலை என்பது கடைசி வியாபாரம் நடந்த விலை கிடையாது, கடைசி அரை மணி நேரத்தின் சராசரி. மூன்று மணிக்கு மேல் ஒவ்வொரு நிமிடமும் சராசரியில் ஒரு பகுதி முடிந்துபோகிறது. கடைசி நிமிடம் பங்கு எகிறினாலும் ஆப்ஷன் முடிவு விலை அவ்வளவாக மாறாது. அமெரிக்கப் பாடங்களைப் பார்த்துவிட்டு 3.25-க்குப் பெரிய ஆட்டத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

கூட்டலா, கழித்தலா

இதுவரை போட்டது அளவு மட்டும். அந்த ஐந்தரை லட்சம் பங்கு நகர்வை அடக்குமா, தூக்கிவிடுமா? டீலர் லாங்கா ஷார்ட்டா என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். ஓ.ஐ. அதைச் சொல்லவே சொல்லாது. ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு வாங்கியவர், ஒரு விற்றவர். யார் டீலர் என்று அதில் பெயர் எழுதியிருக்காது.

அமெரிக்காவில் புழங்கும் முறை, கால் ஆப்ஷனின் காமாவைக் கூட்டு, புட் ஆப்ஷனின் காமாவைக் கழி என்பது. அங்கே எஸ் அண்ட் பி 500 குறியீட்டில் பெரிய நிதிகள் வருமானத்துக்காகக் கால் விற்கும், பாதுகாப்புக்காகப் புட் வாங்கும். எதிர்ப்பக்கம் நிற்கும் டீலர் காலில் லாங், புட்டில் ஷார்ட். அதனால் சந்தை மேலே இருக்கும்போது நகர்வு சின்னதாகவும், புட்கள் குவிந்த பக்கம் இறங்கும்போது நகர்வு பெரிதாகவும் இருக்கும் என்று கணக்கு. கூட்டல் கழித்தலாக மாறும் அந்த விலையைத்தான் காமா ஃப்ளிப் என்கிறார்கள். அந்த ஊருக்கு அது ஓரளவு பொருந்துகிறது. நம் நிஃப்டிக்கு அதை அப்படியே எடுத்து ஒட்டிக் காட்டும் ஆப்களை நான் நம்புவதில்லை. இங்கே சில்லறை ஆட்கள் எக்ஸ்பைரி பக்கத்தில் காலையும் வாங்குகிறார்கள், புட்டையும் வாங்குகிறார்கள். பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓவில் (ப்யூச்சர், ஆப்ஷன் வியாபாரம்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருந்தார்கள், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். 2023-24-ல் லாபம் பார்த்தவர்கள் ப்ரோப் டெஸ்க்குகளும் வெளிநாட்டு முதலீட்டாளர்களும். இரண்டு பக்கமும் வாங்கும் கூட்டத்துக்கு எதிரே நிற்பவர் இரண்டு பக்கமும் ஷார்ட்டாக இருக்கலாம் அல்லவா? அப்போது கூட்டு, கழி என்ற முறையே கவிழ்ந்துவிடும்.

தனிப் பங்குகளில் கதை வேறு. சௌகார்பேட்டையில் எனக்குத் தெரிந்த பழைய வாடிக்கையாளர்கள் பலர் ஒரே பங்கை வருடக்கணக்கில் வைத்திருப்பவர்கள். மாதாமாதம் அதன் மேல் கொஞ்சம் தள்ளிக் கால் விற்றுப் பிரீமியம் வாங்குவார்கள். அவர்களிடம் பங்கு ஏற்கனவே இருக்கிறது, எந்தச் சமன் செய்தலும் தேவையில்லை, பேசாமல் இருப்பார்கள். எதிரே வாங்கிய டீலர் மட்டும் சமன் செய்வார். அவர் லாங். அப்படிப்பட்டவர்கள் நிறைய இருக்கும் பங்கு அந்த ஸ்ட்ரைக்கில் ஒட்டிக்கொள்ளும்.

சரி, எப்படித்தான் கண்டுபிடிப்பது? நான் செய்வது இது. ஒரு ஸ்ட்ரைக்கில் ஓ.ஐ. ஏறும் நாட்களில் அதன் ஐ.வி. எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பேன். இரண்டும் சேர்ந்து ஏறினால் அவசரம் வாங்குபவருடையது. பிரீமியம் அதிகம் கொடுத்தாவது வாங்குகிறார்கள், எதிரே டீலர் விற்றுக்கொண்டிருக்கிறார், ஷார்ட். ஓ.ஐ. ஏறி ஐ.வி. இறங்கினால் அவசரம் விற்பவருடையது. டீலர் வாங்கிச் சேர்க்கிறார், லாங். ரிசல்ட் தேதி நெருங்கும்போது மட்டும் இது ஏமாற்றும், ஏனென்றால் அப்போது ஐ.வி. தானாகவே ஏறும். பக்கத்து ஸ்ட்ரைக்குகளின் ஐ.வி.யோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இந்தக் குழப்பம் குறையும்.

என்எஸ்இ தினமும் மாலை பங்கேற்பாளர் வாரியான ஓ.ஐ. வெளியிடுகிறது. கிளையன்ட் (வாடிக்கையாளர்கள்), டிஐஐ (உள்நாட்டு நிறுவன முதலீட்டாளர்கள்), எஃப்ஐஐ (வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர்கள்), ப்ரோ (ப்ரோப் டெஸ்க்குகள்) என்று நான்கு பிரிவு. ஒவ்வொன்றுக்கும் காலிலும் புட்டிலும் எவ்வளவு லாங், எவ்வளவு ஷார்ட். இண்டெக்ஸ் ஆப்ஷனுக்கு ஒரு மொத்தம், ஸ்டாக் ஆப்ஷனுக்கு ஒரு மொத்தம் மட்டும்தான், ஸ்ட்ரைக் வாரியாக இல்லை. ஆனாலும் கிளையன்ட் மொத்தமாக வாங்கும் பக்கம் சாய்ந்திருக்கிறார்களா, விற்கும் பக்கமா என்பது தெரியும். ஐ.வி. சொல்வதும் இது சொல்வதும் ஒத்துப்போனால் நான் ஒரு முடிவுக்கு வருவேன். ஒத்துப்போகாவிட்டால் அளவை மட்டும் குறித்துக்கொண்டு அடுத்த பங்குக்குப் போய்விடுவேன்.

சமன் செய்யாமலே ஆப்ஷன் விற்றுவிட்டு ஸ்டாப் லாஸ் போட்டு உட்கார்ந்திருக்கும் கூட்டத்தையும் மறக்க வேண்டாம். ஸ்ட்ராடில் (ஒரே ஸ்ட்ரைக்கில் காலும் புட்டும் சேர்த்து) விற்றவருக்குக் கால் பக்கம் ஸ்டாப் அடித்தால் அவர் அவசரமாகக் காலைத் திரும்ப வாங்குகிறார்; அதை அவருக்கு விற்கும் டீலர் ப்யூச்சர் வாங்கிச் சமன் செய்கிறார். விளைவு ஷார்ட் காமாதான், ஆனால் எந்தக் கணக்கிலும் முன்கூட்டித் தெரியாது. நிஃப்டி எக்ஸ்பைரி மதியங்களில் திடீரென்று எழும் ஓட்டங்களில் சில இந்த வகை என்பது என் எண்ணம்.

விலையில் எப்படித் தெரியும்

லாங் காமா குவிந்த பங்கு காலையில் இடைவெளியோடு திறந்தாலும் மதியத்துக்குள் ஸ்ட்ரைக் பக்கம் திரும்பும். நாளின் உச்சத்துக்கும் அடிக்கும் உள்ள தூரம் நாளுக்கு நாள் குறையும். எக்ஸ்பைரி முடிந்த மறுநாள் அந்தக் கை காணாமல் போகும். அதுவரை அடங்கிக் கிடந்த நல்ல ரிசல்ட்டின் விளைவு அப்போதுதான் விலையில் வருவதும் உண்டு.

ஷார்ட் காமாவில் நகர்வு நகர்வைப் பெற்றெடுக்கும். 1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவில் டௌ ஜோன்ஸ் ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று போர்ட்ஃபோலியோ இன்ஷூரன்ஸ். அதில் யாரும் புட் ஆப்ஷன் வாங்கவில்லை. சந்தை இறங்க இறங்க ப்யூச்சரை விற்றுக்கொண்டே போக வேண்டும் என்று கம்ப்யூட்டரில் விதி எழுதி வைத்திருந்தார்கள். ஷார்ட் காமா டீலர் செய்ய வேண்டியதும் இதேதான்.

2021 ஜனவரியில் கேம்ஸ்டாப் என்ற அமெரிக்கப் பங்கு ஏறியதை எல்லாரும் காமா ஸ்க்வீஸ் (ஷார்ட் காமா டீலர்கள் வாங்கியே ஆக வேண்டிவந்து விலை ஏறுவது) என்று உதாரணம் காட்டுவார்கள். அதே வருடம் அக்டோபரில் வந்த, அந்த ஊர்ப் பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் எஸ்இசியின் ஊழியர் அறிக்கை, அந்த மாதத்தில் காமா ஸ்க்வீஸ் நடந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்றது. ஆப்ஷன் வியாபாரம் பெருகியதற்குப் பெரும்பாலும் புட் வாங்கியதே காரணம் என்றும் சொன்னது. ஆக, பங்கு செங்குத்தாக ஏறிவிட்டாலே அது காமா என்று முடிவு கட்டக் கூடாது. கணக்குப் போட்டு, அளவு ஒத்துவருகிறதா என்று பாருங்கள்.

நம் ஊர் விதிகள் இதில் நிறைய விளையாடுகின்றன. 2019 அக்டோபரிலிருந்து எல்லா ஸ்டாக் ஆப்ஷன்களும் பங்கைக் கொடுத்து வாங்கித்தான் முடிக்கப்படுகின்றன. கடைசி நாலு நாளில் டெலிவரி மார்ஜின் (பங்கைக் கொடுத்து வாங்குவதற்காகக் கட்டி வைக்க வேண்டிய பணம்) படிப்படியாக ஏறும். அதைக் கட்ட முடியாதவர்கள் முன்னாலேயே வெளியேறிவிடுவதால் ஓ.ஐ. சரியும். மேலே நான் போட்ட உதாரணத்தில் 20 லட்சம் அப்படியே இருக்கும் என்று வைத்துக்கொண்டேன்; நிஜத்தில் அது பாதியாகிவிட்டதா என்று கடைசி வாரம் தினமும் பார்க்க வேண்டும். இண்டெக்ஸில் இந்தத் தொல்லை இல்லை, பணமாகவே முடிகிறது. 2024 நவம்பருக்குப் பிறகு ஒரு எக்ஸ்சேஞ்சுக்கு ஒரே ஒரு வார எக்ஸ்பைரிதான்; பேங்க் நிஃப்டிக்கு மாதம் மட்டும். 2025 செப்டம்பரிலிருந்து என்எஸ்இ எக்ஸ்பைரி செவ்வாய், பிஎஸ்இ வியாழன். பழைய வியாழக்கிழமைப் படங்களை வைத்துப் பாடம் நடத்தும் வீடியோக்களைப் பார்க்கும்போது தேதியைக் கவனியுங்கள்.

வைத்துக்கொண்டு என்ன செய்வது

லாங் காமா, அளவும் 10 சதவீதத்துக்கு மேல் என்றால், ஸ்ட்ரைக்கைத் தாண்டியது என்று பின்னால் ஓடி வாங்க மாட்டேன். பங்கை விற்க நினைத்திருந்தால் ஸ்ட்ரைக்குக்குக் கொஞ்சம் மேலேயும், வாங்க நினைத்திருந்தால் கொஞ்சம் கீழேயும் ஆர்டர் போட்டுவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். ஆப்ஷன் வாங்குவதற்கு மோசமான வாரம் அது.

ஷார்ட் காமா என்றால் நான் வாங்கி விற்கும் அளவைப் பாதியாகக் குறைப்பேன். ஸ்டாப் லாஸை வழக்கமான தூரத்தில் வைத்தால் சும்மா அடித்துவிட்டுப் போகும். தள்ளி வைக்க வேண்டும், தள்ளி வைப்பதற்காகத்தான் அளவைக் குறைப்பது. இறங்குகிறதே என்று மேலும் வாங்கி ஆவரேஜ் செய்வதை அன்றைக்கு மட்டுமாவது விட்டுவிடுங்கள். எதிரே விற்பவர் விலை பார்த்து விற்கவில்லை. விற்றே ஆக வேண்டியவர்.

பெரிய செய்தி வந்தால் இதெல்லாம் ஒரு ஓரமாகப் போய்விடும். 2024 ஜூன் 4 தேர்தல் முடிவு அன்று நிஃப்டி 5.9 சதவீதம் விழுந்தது. அப்படி ஒரு நாளில் எந்த ஸ்ட்ரைக்கும் விலையைப் பிடித்து வைக்காது. லாங் காமா டீலர் வாங்குவார்தான், விற்பவர்கள் அவரைவிடப் பல மடங்கு இருப்பார்கள். விலை அந்த ஸ்ட்ரைக்கை விட்டு வெகுதூரம் போனதும் அதன் காமாவும் செத்துவிடும், அவருடைய வாங்கலும் நின்றுவிடும்.

எக்ஸ்பைரி முடிந்த அன்று இரவே இந்தக் கணக்குப் போட்டு வைத்த ஷீட்டை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். பழைய மாத ஸ்ட்ரைக்கைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் அங்கே ஆளே இருக்க மாட்டார்கள். புது மாதத்தின் முதல் சில நாட்களில் ஓ.ஐ. சேர்ந்திருக்காது, நாளும் நிறைய பாக்கியிருக்கும், எண் மூன்றுக்குக் கீழேதான் வரும். இரண்டாவது வாரக் கடைசியில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். போனஸ், ஸ்ப்ளிட் ஏதாவது நடந்திருந்தால் ஸ்ட்ரைக்கும் லாட்டும் மாற்றப்பட்டிருக்கும். பழைய லாட் அளவால் பெருக்கினால் கணக்கு முழுக்கத் தப்பாகும். நான் லாட் அளவை ஷீட்டின் முதல் கட்டத்திலேயே சிவப்பில் எழுதி வைத்து, ஒவ்வொரு முறையும் என்எஸ்இ பட்டியலோடு ஒப்பிட்ட பிறகுதான் மற்றதைத் தொடுவேன்.